1680: கோட்டையை முற்றுகையிட்ட சித்திரக்காரர்கள்

(காளஹஸ்தியில் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தமிழ் அறிந்தவர்க்குக் காளஹஸ்தி புதிய பெயரன்று. திருக்காளத்தி என்றும், அதன் கரையில் ஓடும் சொர்ணமுகியைப் பொன்முகலி என்றும் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகப் பேசி வருகிறது. கண்ணப்பர் என்ற வேடர் கண்ணைப் பெயர்த்து அப்பிய கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை அரிது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டப் பெயர்கள் மாறினாலும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வாழ்க்கை இங்கே மாறிவிடவில்லை.

இந்த ஊருக்கும் சென்னைக்கும் வேறொரு தொடர்பு உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 அன்று சென்னையின் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்குக் கடற்கரையோர நிலத் துண்டொன்றில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய குடும்பமே காளஹஸ்தித் தலைவர்களின் குடும்பம். அவருடைய தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது. தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தைக்கு வழி செய்தார். கும்பெனியின் பக்கத்தில் துபாஷியாக நின்றவர் பேரி திம்மப்பா. இந்தப் பெயர்கள் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. நாயக்கர், வெள்ளைக்கார வணிகர், துபாஷி ஆகிய மூவரோடு கதை முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கையெழுத்து எதற்காக இடப்பட்டது என்று கேட்டால் வேறு மனிதர்கள் தென்படுகிறார்கள். பிறந்தநாள் விழாக்களில் எவரும் நினைவுகூராத அந்த மனிதர்களைப் பற்றியும், 1680ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் நடத்திய ஒரு போராட்டத்தைப் பற்றியும் பேசுவதற்கு, இன்றும் கலம்காரி எழுதப்படும் காளஹஸ்தியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மிளகுக்காக வாங்கப்பட்ட துணி

கும்பெனி சோழமண்டலக் கரைக்கு வந்தது நிலம் தேடி அன்று, துணி தேடி. அதன் தொடக்ககால நோக்கம் தென்கிழக்காசியத்தின் மிளகும் நறுமணப் பொருள்களும். சாவகத் தீவின் பாந்தம் துறையில் அவற்றை விற்றவர்கள் இங்கிலாந்தின் கம்பளித் துணியை விரும்பவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையில் நெய்து வண்ணம் எழுதிய பருத்தித் துணி. அத்துணி கையில் இருந்தால்தான் மிளகு கிடைக்கும்.

அதற்காகவே கும்பெனி 1611இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது. 1626இல் துர்காராயப்பட்டினத்தில், ஆங்கிலேயர் ஆர்மகான் என்று அழைத்த இடத்தில், இன்னொன்றை நிறுவியது. முதல் இடத்தில் அதிகாரிகளின் நெருக்கடி. இரண்டாம் இடத்தில் வேண்டிய அளவு துணி கிடைக்கவில்லை. நல்ல துணி மலிவாகவும் நிறைவாகவும் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் டே தெற்கே வந்தார். நாயக்கருக்கும் வணிகம் வேண்டியிருந்தது. கோட்டை கைக்கு வந்து ஈராண்டுகள் கழிந்தபின் துறைமுகச் சுங்க வருவாயில் பாதி தமக்கும் பாதி கும்பெனிக்கும் என்று அவர் தந்த கவுல் கூறுகிறது.

இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ள எண்ணிய அந்த வருவாய் எங்கிருந்து வர வேண்டும்? பருத்தி நூற்ற பெண்களின் கைகளிலிருந்து, தறியில் அமர்ந்த நெசவாளரிடமிருந்து, வெளுத்தவர்களிடமிருந்து, சாயம் தோய்த்தவர்களிடமிருந்து, கலம் பிடித்து எழுதிய சித்திரக்காரர்களிடமிருந்து. இவர்கள் இல்லையெனில் மதராசபட்டினம் மீன்பிடிக் குப்பமாகவே இருந்திருக்கும். கும்பெனிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கோட்டைச் சுவர் எழும்பும்போதே நெசவாளர்களையும் சித்திரக்காரர்களையும் வரவழைத்துக் குடியேற்றும் வேலையைத் திம்மப்பா போன்றோரிடம் அது ஒப்படைத்தது. வரிச்சலுகை அறிவிக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளிலேயே சில நூறு நெசவாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

சென்னையின் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. துணி வெளுத்தவர்களின் பேட்டை வண்ணாரப்பேட்டை. ஆளுநர் ஜோசப் காலட் நெசவாளருக்காக உருவாக்கிய குடியிருப்பு காலாடிப்பேட்டை. 1734இல் நூற்போர், நெய்வோர், சித்திரம் எழுதுவோர் ஆகியோருக்கென அமைக்கப்பட்டது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவியது என்பர்.

கலத்தின் வேலை

அந்தச் சித்திரக்காரர் செய்த வேலை எத்தகையது என்பதைக் காளஹஸ்தியின் தெருக்களில் இன்றும் காணலாம். மசூலிப்பட்டினத்தில் அச்சுக் கட்டை கொண்டு பதிப்பார்கள். காளஹஸ்தியில் கையால் எழுதுவார்கள். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டுவார்கள். அதுதான் கலம். சுற்றிய பஞ்சில் தேங்கும் மையை விரல் அழுத்தம் அளந்து விடுகிறது.

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுக்கும் சாறு, கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு நிலைக்கும். நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஓடும் ஆற்று நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த நிறம் திரும்பவும் துணியில் படியும். பொன்முகலியில் நீர் ஓடும் நாள்களே இத்தொழிலின் நாள்கள்.

இது வேதியியல் அறிவு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துச் சேர்த்த அறிவு. வெளுக்க வெளுக்க மங்காத சாயத்தை ஐரோப்பா அறியாதிருந்த காலத்தில் இவர்கள் அறிந்திருந்தார்கள். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இம்முறை முழுவதையும் சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அங்கே அது அச்சேறியது. பாதிரியாரின் பெயர் வரலாற்றில் நின்றது. சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

1680 நவம்பர்

கோட்டை கட்டி நாற்பது ஆண்டுகள் ஆயின. ஸ்ட்ரென்ஷாம் மாஸ்டர் ஆளுநராக இருந்தார். கும்பெனி தொழிலாளரோடு நேரடியாகப் பேசுவதில்லை. தலைமை வணிகர்களிடம் மொத்தமாக ஒப்பந்தம் செய்யும். அவர்கள் ஊர்தோறும் முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கோட்டையில் சேர்ப்பார்கள். அந்தத் தலைமை வணிகர்களுள் முதல்வராக விளங்கிய காசி வீரண்ணா அவ்வாண்டில்தான் இறந்திருந்தார். விலையைக் குறைப்பது, தரமில்லை என்று கழிப்பது, முன்பணத்தைக் கடனாக்கிக் கழுத்தில் கட்டுவது ஆகிய எல்லாச் சுமையும் இந்த ஏணியின் அடிப்படியில்தான் இறங்கும்.

அந்த நவம்பரில் சென்னைச் சித்திரக்காரர்கள் வேலையை விட்டு எழுந்தார்கள். அவர்களும் அவர்களோடு சேர்ந்த மற்றவர்களும் கோட்டையின் எல்லையைக் கடந்து சாந்தோமில் கூடினார்கள். அங்கே கும்பெனியின் ஆணை செல்லாது. பிறகு அவர்கள் செய்தவற்றைக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடே பதிவு செய்திருக்கிறது.

நகரின் பல சாதியினருக்கும் கடிதங்கள் அனுப்பினார்கள். கும்பெனியின் பணியிலிருந்த துபாஷிகள் முதலியோருக்கும் கடிதம் போயிற்று. வெளியேறி வராவிட்டால் உயிருக்கே கேடு என்ற மிரட்டலும் அதில் இருந்தது. நகருக்கு வந்த சரக்கையும் உணவுப் பொருளையும் வழிமறித்தார்கள். எருதுகளின் முதுகிலிருந்த துணிப் பொதிகளைக் கீழே தள்ளி, ஆணையிட்டுத் தடுத்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் பறை அறைந்து, சென்னப்பட்டினத்துக்கு உணவோ விறகோ எவரும் கொண்டுபோகக் கூடாது என்று அறிவித்தார்கள். கோட்டைக்காகச் சுண்ணாம்பு சுட்டவர்களின் வீடுகள் கட்டி அடைக்கப்பட்டன; இனிச் சுண்ணாம்பு சுடுவதும் சிப்பி பொறுக்குவதும் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். துணி நின்றால் ஏற்றுமதி நிற்கும். உணவும் விறகும் நின்றால் நகரின் அடுப்பு அணையும். சுண்ணாம்பு நின்றால் கட்டுமானம் நிற்கும். கோட்டை எவற்றின் மேல் நிற்கிறது என்பதை அதன் பீரங்கிகளை எண்ணியவர்களைவிட இந்தச் சித்திரக்காரர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். தம் கலத்தைக் கீழே வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பொதி சுமப்பவர், விறகு விற்பவர், சிப்பி பொறுக்குபவர் என மற்ற உழைப்பாளரையும் அந்த மறியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

கோட்டையின் மறுமொழி எப்படி இருந்தது? அவர்களைக் கலகக்காரர்கள் என்றது. ஊரில் எஞ்சியிருந்த அவர்களின் மனைவி மக்களைப் பிடித்துக் கோயிலில் அடைத்தது. போராடுபவரைப் பணிய வைக்கக் குடும்பத்தைப் பிணையாக்கும் முறை கும்பெனி ஆட்சியின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. கலகம் அடக்கப்பட்டது. கப்பல்கள் மீண்டும் துணி ஏற்றின.

சென்னைத் தொழிலாளர் வரலாற்றை 1918 ஏப்ரலில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். தொழிற்சங்க வரலாறு என்ற அளவில் அது சரியே. அதற்கு 238 ஆண்டுகள் முன்பே, அதே நகரில், அதே துணித் தொழிலில், உழைப்பாளர் கூட்டாக வேலையை நிறுத்தி ஆட்சியாளரைத் திகைக்க வைத்தார்கள் என்பதும் நம் வரலாற்றின் பகுதியே.

சாதி திரட்டியது, சாதியே பிரித்தது

இந்தப் போராட்டத்தை இன்றைய வேலைநிறுத்தத்தோடு ஒன்றாக்கிவிடுவது பிழையாகும். அவர்கள் திரண்டது சாதித் தலைவர்கள் வழியாக. அழைப்புக் கடிதங்கள் சாதிகளின் பெயருக்கே போயின. வர்க்கம் என்ற உணர்வு அங்கே உருப்பெறவில்லை. ஒற்றுமையை மிரட்டிப் பெற வேண்டியிருந்தது என்பதிலேயே அதன் பலவீனமும் தெரிகிறது.

இந்தப் பலவீனத்தைக் கோட்டை விரைவில் கற்றுக்கொண்டது. வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்ற சாதிகளின் மோதல் 1652இலேயே சென்னையில் வெடித்திருந்தது. 1707இல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது மீண்டும் பெரிதாய் வெடித்தது. எந்தத் தெருவில் எவர் குடியிருப்பது, எந்த வழியே எவர் ஊர்வலம் போவது என்பவை அச்சண்டையின் பொருள்கள். அப்போதும் வலங்கையினர் நகரைவிட்டுச் சாந்தோமுக்கு வெளியேறினார்கள். வெளியேறும் முறை 1680இல் கண்டதே. ஆனால் இம்முறை எதிரே நின்றது பக்கத்துத் தெரு உழைப்பாளி. நடுவராக நின்று எல்லைக் கல் நட்டுக் கொடுத்தது கும்பெனி. உழைப்பவர் தமக்குள் தெருவைப் பங்கிடச் சண்டையிட்டபோது நகரம் முழுவதும் எவருடையது என்ற கேள்வி மறைந்துபோயிற்று. இன்று சாதி அமைப்புகளும் மதவாத அமைப்புகளும் தொழிலாளர் குடியிருப்புகளில் செய்துவரும் வேலையை அறிந்த தோழர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இலண்டன் நெசவாளர், இந்திய நெசவாளர்

இதே துணி கடலுக்கு அப்பாலும் உழைப்பாளரை மோதவிட்டது. இந்தியச் சித்திரத் துணிக்கு ஐரோப்பிய மக்கள் மயங்கியபோது அங்கிருந்த நெசவாளரின் தறிகள் ஓய்ந்தன. பிரான்சு 1686இல் இத்துணியைத் தடை செய்து 1759வரை அத்தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1701இல் இறக்குமதிக்கு முதல் தடை விதித்தது. 1719இல் இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தியத் துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். 1721இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது.

பசித்த இலண்டன் நெசவாளியின் சினம் பெண்ணின் உடையின் மேல் பாய்ந்தது. கடலுக்கு இந்தப் பக்கத்து நெசவாளி அவன் கண்ணில் பகைவனானான். இரு புறமும் இலாபம் கண்ட கும்பெனியின் கணக்கு வேறாக இருந்தது. உள்நாட்டில் தடை வந்தபோது அது அத்துணியைப் பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்தது. இங்கிலாந்திலேயே அச்சிடுவதற்கு வெள்ளைத் துணியை ஏற்றிச் சென்றது. தொழிலாளி தன் எதிரே நிற்கும் தொழிலாளியைப் பகைக்கும்வரை முதலாளிக்குக் கவலையில்லை என்ற பாடத்தை அந்த நூற்றாண்டே எழுதி வைத்தது.

உரிமை பறிபோன வழி

தறி நெய்தவர்கள் எப்போதும் ஏழைகளாகவும் வாயற்றவர்களாகவும் இருந்தார்கள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. தென்னிந்திய நெசவாளரை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை மறுக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளரிடம் வலுவான பேரம் பேசும் ஆற்றல் இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அவர்களுக்கு இருந்தது. வணிகருக்கு அத்தகைய உரிமை இல்லை. விலை கட்டாவிட்டால் வேறு வணிகரிடம் போகலாம். கொடுமை மிகுந்தால் தறியோடு வேறு நாட்டுக்கே பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தவரைத் துரத்திப் பிடிக்கும் வழக்கம் உள்நாட்டு அரசர்களிடம் இல்லை. வந்தவரை வரவேற்கவே அவர்கள் போட்டியிட்டார்கள்.

கும்பெனி ஆட்சியதிகாரம் பெற்றதும் இந்த நிலை தலைகீழாயிற்று. வணிகராக இருந்தவரையில் அது பேரம் பேசியது. ஆட்சியாளரானதும் ஆணையிட்டது. இடைத்தரகர்களை விலக்கித் தன் ஆள்களை நெசவாளர் ஊர்களில் அமர்த்தியது. கும்பெனியிடம் முன்பணம் பெற்றவர் பிறருக்கு நெய்வது குற்றமாயிற்று. சந்தையில் வெல்ல முடியாததை அரசதிகாரத்தால் வென்றார்கள். அதன்பின் வந்தது ஆலை நூல். 1818க்கும் 1836க்கும் இடையே பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த நூலின் அளவு 5,200 மடங்கு ஆனதையும், 1824இல் பத்து லட்சம் கெஜத்தைக்கூடத் தொடாதிருந்த மஸ்லின் இறக்குமதி 1837இல் 6 கோடியே 40 லட்சம் கெஜத்தைத் தாண்டியதையும், 1,50,000 பேர் வாழ்ந்த டாக்கா 20,000 பேராகச் சுருங்கியதையும் மார்க்ஸ் 1853இல் நியூயார்க் நாளிதழில் எழுதினார்.

காளஹஸ்தித் தலைவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1802இல் நிரந்தரத் தீர்வையின்கீழ் அவர்களுக்குச் சனது கிடைத்தது. கும்பெனிக்குப் பேஷ்குஷ் கட்டும் ஜமீன்தார்களாகத் தொடர்ந்தார்கள். இடம் கொடுத்த குடும்பத்துக்கு ஜமீன் மிஞ்சியது. அந்த இடத்தை நகரமாக்கிய கைகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அழிந்தும் அழியாத கலம்

கும்பெனிக்கு எழுதிய சென்னைச் சித்திரக்காரர்களின் தொழில் மறைந்துவிட்டது. காளஹஸ்தியில் கோயில்களுக்கு இராமாயண, பாரதக் காட்சிகளை எழுதிய குடும்பங்கள் அதைக் காத்துவந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் அணையும் நிலைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் முயற்சியால், கமலாதேவி சட்டோபாத்யாயவின் ஊக்கத்தில், 1950களின் இறுதியில் இங்கே பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. எஞ்சியிருந்த முதியவர்களிடம் இளைஞர்கள் கற்றார்கள். இந்த ஊரின் ஜொன்னலகட்ட குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு தொழில் சாவின் விளிம்பிலிருந்து மீண்டதற்குக் காரணம் சந்தையின் கருணை அன்று. பொது நிதியும் பொது நிறுவனமும்.

அந்த வாரியத்தை ஒன்றிய பாஜக அரசு 2020 ஆகஸ்டில் கலைத்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கலைக்கப்பட்டது. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படும் அதே வாரங்களில் இது நடந்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. 1996இல் அது 11ஆகக் குறைக்கப்பட்டது. எஞ்சியவற்றிலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆயினும் இயந்திரத்தில் அச்சிட்ட துணி கலம்காரி என்ற பெயரிலேயே கடைகளில் குவிகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூட ஈட்டுவதில்லை.

1680இல் தலைமை வணிகர் இருந்த இடத்தில் இன்று மாஸ்டர் நெசவாளரும் ஏற்றுமதி நிறுவனமும் இணையவழி விற்பனையாளரும் இருக்கிறார்கள். முன்பணம் இன்றும் முன்பணமே. அது கடனாகும் வழியும் பழைய வழியே. வேலை வீட்டுக்குள் நடப்பதால் இந்தத் தொழிலாளர் ஒருவரையொருவர் காண்பதுகூட அரிது. குறைந்தபட்சக் கூலி, நூலுக்கும் சாயத்துக்கும் வரிவிலக்கு, கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பாக்கித் தொகை, போலித் துணிக்குத் தடை, கலைக்கப்பட்ட வாரியங்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு மீண்டும் அமைத்தல் ஆகிய கோரிக்கைகள் புதியவை அல்ல. இவற்றைத் தறி வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் பெண் தொழிலாளரைச் சங்கத்தில் திரட்டும் வேலை இன்னும் மிகுதியாக இருக்கிறது. எல்லைக்கு அப்பால் தெலுங்கு பேசும் நெசவாளிக்கும் இப்பால் தமிழ் பேசும் நெசவாளிக்கும் நூல் விலை ஒன்றுதான்.

சென்னையின் பிறந்தநாளை நாமும் பேசலாம். நாயக்கரின் கவுலையும் டேயின் வருகையையும் சொல்லும் மேடையில், சாந்தோமில் கூடிய சித்திரக்காரர்களையும், சிப்பி பொறுக்கத் தடை விதிக்கப்பட்ட சுண்ணாம்புத் தொழிலாளரையும், கோயிலில் அடைக்கப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் தொழில் காளஹஸ்தியின் தெருக்களில் உயிரோடு இருக்கிறது; அதைச் செய்பவர்களின் பெயர்களையேனும் சங்கப் பதிவேட்டில் ஏற்றுவது நம் கையில் இருக்கிறது.